கிரைண்டரை எடுக்க விடாதீர்கள்

களுவாஞ்சிக்குடியில் பழைய வீட்டின் அஸ்பெஸ்டஸ் கூரையைக் கழற்றி ஓடு போடப் போவதாகவும், மேசன் கிரைண்டரால் வெட்டி இறக்கலாம் என்பதாகவும் எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து வெட்ட விடாதீர்கள் சகோதரரே. உடையாத தகட்டால் ஆபத்துக் குறைவு. வெட்டினால் பறக்கும் கண்ணுக்குத் தெரியாத நார்தான் நுரையீரலில் தங்கி, 20, 30 ஆண்டுகள் கழித்தும் புற்றுநோயாக வெளிப்படும்.

கச்சான் காற்று அடிக்கும் நாளைத் தவிருங்கள். தகட்டைத் தண்ணீரால் நனைத்து, கொக்கி ஆணியின் சுரையைக் கழற்றி, முழுத் தகடாகவே கைமாற்றி இறக்குங்கள். மேலே மிதிக்க வேண்டாம். பழைய தகடு அப்பளம்போல நொறுங்கும். மூக்கில் துணி கட்டினால் போதாது, நுண்ணிய தூசியையும் வடிகட்டும் எஃப்.எஃப்.பி.3 (FFP3) வகை முகக்கவசம் வேண்டும். தூசியைக் கூட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள். உடைந்த துண்டுகளைப் பொலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டிவையுங்கள். எங்கே ஒப்படைப்பது என்று பிரதேச சபையில் கேளுங்கள். கோழிக்கூட்டுக்கென்று யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். வேலை முடியும்வரை பிள்ளைகள் அம்மம்மா வீட்டில் இருக்கட்டும்.