மாமா பேசி முடித்த சீட்டும் மகள் கேட்கும் பொருளாதாரமும்

அம்பத்தூர் அம்மாவுக்கு,

பொண்ணு பொருளாதாரம்தான் வேண்டும் என்கிறாள், பெண்ணுக்கும் ஆணுக்கும் வேறு வேறு சட்டம் வைத்திருக்கும் நாடுகளில் படிப்பும் ஆயுளும் வருமானமும் எப்படி அடிவாங்குகின்றன என்று ஆராயணுமாம், உங்கள் அண்ணனோ மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டே பேசி முடித்துவிட்டார், தூக்கம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கவலை நியாயமானதுதான். ஆனால் அந்தச் சீட்டுக்காக, பூர்வீகச் சொத்தில் பங்காக உங்கள் பெயருக்கு வந்த மனையை விற்கக் கூடாது. இதில் பேச்சுக்கே இடமில்லை.

அந்த மனை உங்கள் கைக்கு வந்ததே உங்கள் பொண்ணு படிக்க நினைக்கும் விஷயத்தால்தான். தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் அமலான சட்டத் திருத்தம், கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை தந்தது. அதற்கு முன்பே கல்யாணமான பெண்களுக்கு அது கிடையாது (2005-இல் மத்திய சட்டம்தான் அந்தப் பாகுபாட்டை எடுத்தது). ஒரே வீட்டில் அக்காவுக்கு இல்லை, தங்கைக்கு உண்டு! ஆராய்ச்சிக்காரர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? பணக்கார நாடு என்பதால் நல்ல சட்டம் வந்ததா, சட்டம் வந்ததால் நாடு முன்னேறியதா என்ற பழைய சிக்கலை இப்படிப்பட்ட தேதிகளை வைத்துத்தான் அவிழ்க்கிறார்கள். 1994-இல் இதே மாதிரி திருத்தம் செய்த கர்நாடகா, மகாராஷ்டிராவில் பெண்களுக்கு நிலம் கிடைப்பது கூடியது, கல்யாண வயது தள்ளிப்போனது, பள்ளிப்படிப்பும் ஏறியது. இன்னொரு ஆய்வோ, இத்தகைய சட்டங்களுக்குப் பிறகு ஆண்பிள்ளை ஆசை கூடியதாகவும் காட்டியது.

வேலை எப்படி இருக்கும்? உலக வங்கி 190 நாடுகளின் சட்டங்களைப் படித்து, ஆணைப் போலவே பெண்ணும் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கலாமா, மகனும் மகளும் சமமாகச் சொத்து பெறுவார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, நூற்றுக்கு மதிப்பெண் போடுகிறது. மனைவி வேலைக்குப் போவதைக் கணவன் தடுக்கலாம் என்ற சட்டத்தை எத்தியோப்பியா 2000-இல் மாற்றியதும், மாற்றம் முதலில் வந்த பகுதிகளையும் வராத பகுதிகளையும் ஆராய்ச்சிக்காரர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சட்டம் படிக்கத் தெரியணும், தரவோடு மல்லுக்கட்டவும் தெரியணும். இரண்டும் சேர்ந்து தெரிந்தவர்கள் கம்மி.

அதனால் பி.ஏ. பொருளாதாரம், கூடவே கணிதமும் புள்ளியியலும் கட்டாயம். கணக்கு பிடிக்காது என்றால் இப்போதே சொல்லிவிடட்டும். ராணி மேரி மாதிரி அரசு கல்லூரியில் செலவு குறைவு, அப்புறம் கோட்டூர்புரத்தில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் எம்.ஏ. முதுகலை முடித்தால் யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வு எழுதலாம். முதல் சம்பளம் ஐ.டி. அளவுக்கு வராது. கிராமம் கிராமமாக சர்வே எடுக்கவும் அலைய வேண்டியிருக்கும், இதை அவளிடம் மறைக்காதீர்கள்.

அண்ணன் அட்வான்ஸ் கொடுத்துவிட்டாரா என்று முதலில் கேளுங்கள். கொடுத்திருந்தால் திரும்பக் கேட்டு இந்த வாரமே எழுதிக் கொடுங்கள். பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கு மார்க் ஷீட்டோடு பொண்ணை என்னிடம் அனுப்புங்கள், நீங்களும் வாருங்கள். மாமா வேண்டாம்.