ரொறன்ரோ தேவாலயத்தில் வாசிக்கப்படும் அந்த அறிக்கை நமக்கும் உரியதா?

அன்புள்ள தம்பி,

ஞாயிறு ஆராதனை தொடங்குமுன் இந்த நிலம் கனடாவின் முதற்குடிகளில் ஒருவரான மிசிசாகா மக்களுக்கு உரியது என்று வாசிப்பதையும், முதற்குடிப் பிள்ளைகளை அடைத்து வைத்த வதிவிடப் பாடசாலைகளில் நடந்தவற்றுக்காகச் சபையார் எழுந்து நின்று பாவ அறிக்கை செய்வதையும் கண்டதாக எழுதியிருந்தீர்கள். இன ஒடுக்குமுறைக்குத் தப்பி நேற்று வந்த நாங்கள், வெள்ளைக்காரர் செய்ததற்கு ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பதும், தகப்பனின் அக்கிரமத்தை மகன் சுமப்பதில்லை என்றுதானே வேதாகமத்தில் எசேக்கியேல் தீர்க்கதரிசி சொல்கிறார் என்பதும் உங்கள் கேள்வி. இங்கே வந்து சேரும் தமிழ்க் கிறிஸ்தவர்களில் பலர் இதைக் கேட்கிறார்கள், நியாயமான கேள்விதான்.

யாழ்ப்பாணத்து ஆளுக்கு இந்த அறிக்கை மனதில் ஒட்டாமல் போவதற்கு ஒரு காரணம் உண்டு. மிஷன் விடுதிப் பள்ளி என்றால் நமக்கு 1823 இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியும், 1824 இல் தொடங்கிய உடுவில் மகளிர் பள்ளியும்தான் நினைவுக்கு வரும். அங்கேயும் பிள்ளைகளுக்கு அமெரிக்கப் பெயர்கள் சூட்டப்பட்டன. ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளையின் பெயரே அதற்குச் சாட்சி. ஆனால் பெற்றோர் விரும்பிச் சேர்த்த பிள்ளைகள் அவர்கள்; தமிழும் அங்கே தழைத்தது. கனடாவிலோ 1920 இல் சட்டத்தைத் திருத்தி, முதற்குடிப் பிள்ளைகள் பள்ளிக்குப் போவதைக் கட்டாயமாக்கினார்கள். ஏறத்தாழ 150,000 பிள்ளைகள் வதிவிடப் பாடசாலைகளில் அடைக்கப்பட்டார்கள். அவற்றை அரசின் பணத்தில் நடத்தியவர்கள் கத்தோலிக்க, ஆங்கிலிக்கன், ஐக்கிய, பிரெஸ்பிற்றீரியன் சபையார். தாய்மொழியில் பேசினால் அடி விழுந்தது; பெயருக்குப் பதிலாக எண் கொடுக்கப்பட்டது; ஆயிரக்கணக்கானோர் வீடு திரும்பவே இல்லை.

ரொறன்ரோவிலிருந்து ஒன்றரை மணி நேர ஓட்டத்தில் பிரான்ற்பேர்ட் நகரில், ஆங்கிலிக்கன் சபையோடு இணைந்திருந்து 1970 இல் மூடப்பட்ட மொஹாக் இன்ஸ்ரிரியூட் என்ற வதிவிடப் பாடசாலையின் கட்டிடம் நினைவிடமாகக் காக்கப்படுகிறது. நாள்தோறும் கஞ்சி போட்டதால் பிள்ளைகள் அதற்கு வைத்த 'மஷ் ஹோல்' (கஞ்சிக் குழி) என்ற பட்டப்பெயர் இன்றும் வழங்குகிறது. பின்பக்கச் சுவரின் செங்கற்களில் அவர்கள் தங்கள் பெயர்களைக் கீறி வைத்திருக்கிறார்கள். மொழிக்காகவே அடிபட்ட இனத்தில் பிறந்த எவரும் அந்தச் சுவருக்கு முன்னால் நின்று, இது வேறு யாருடையவோ கதை என்று சொல்லிவிட முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

இனி எசேக்கியேல். குற்றம் வேறு, குற்றத்தால் விளைந்த பயன் வேறு. குற்றத்தை உங்கள் தலையில் யாரும் சுமத்தவில்லை; பயன் மட்டும் வந்து இறங்கிய நாளிலிருந்தே உங்கள் கைக்கும் வருகிறது. 1805 இல் பத்து ஷில்லிங்குக்கு எழுதி வாங்கப்பட்டது ரொறன்ரோ நிலம்; அது முறைகேடு என்று மிசிசாகா மக்கள் வைத்த கோரிக்கைக்கு 2010 இல்தான் 145 மில்லியன் டொலர் இழப்பீடு கிடைத்தது. வினிபெக் நகரம் 1919 முதல் ஷோல் ஏரியின் நீரைக் குழாயில் எடுத்துக் குடிக்கிறது. அதே ஏரிக்கரையில் வாழும் ஷோல் லேக் 40 முதற்குடியினரோ 1997 முதல் 2021 வரை, கொதிக்க வைக்காமல் குடிக்க முடியாத நீரோடு வாழ்ந்தார்கள். வினிபெக்கில் குடியேறிய தமிழர் அந்தக் குழாயை யாரிடமிருந்தும் பறிக்கவில்லை, ஆனாலும் திறந்தவுடன் நல்ல தண்ணீர் வந்தது. வேலை தேடும்போது நம் பெயரையும் நிறத்தையும் பார்த்து ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதும் உண்மை, வேறு வரிசையில் நாம் முன்னால் நிறுத்தப்பட்டிருக்கிறோம் என்பதும் உண்மை. ஊரில் தேவாலயத்துக்குள்ளேயே சாதி பார்த்து இடம் ஒதுக்கிய வழக்கத்தை அறிந்த நமக்கு, கேட்காமலே கிடைக்கும் முன்னிடம் எப்படிப்பட்டது என்று யாரும் புதிதாகச் சொல்லித் தரவேண்டியதில்லை. வரி வசூலிப்பவனான சகேயு இயேசுவைத் தன் வீட்டில் ஏற்றுக்கொண்டபோது வருந்தியதோடு நிற்காமல், அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருவதாகச் சொன்னான். சபை செய்யும் அறிக்கையும் அந்தத் திசையில் போனால்தான் பொருளுடையது.

1986 ஆகஸ்ட் 11 அன்று நியூபவுண்ட்லாந்துக் கடலில் 155 தமிழ் அகதிகளை மீனவர்கள் காப்பாற்றினார்கள். நம்மவர் அப்படி வந்து சேர்ந்து நான்கே நாள் கழித்து, ஒன்ராறியோவின் சட்பெரி நகரில் கனடா ஐக்கிய திருச்சபை, நற்செய்தியையும் மேற்கத்தியப் பண்பாட்டையும் ஒன்றாக்கித் திணித்ததற்காக முதற்குடி மக்களிடம் மன்னிப்புக் கேட்டது. முதற்குடி மூத்தோர் அதைக் கேட்டுக்கொண்டார்கள். 1988 இல் கேட்டதாக ஒப்புக்கொண்டார்கள். ஆனால் ஏற்றுக்கொண்டோம் என்று சொல்லவில்லை, சபை அதன்படி வாழ்கிறதா என்று பார்க்கக் காத்திருந்தார்கள். அந்த மன்னிப்பின் நினைவாக அங்கே அடுக்கப்பட்ட கற்குவியலும் வேண்டுமென்றே முடிக்கப்படாமல் விடப்பட்டது. வதிவிடப் பாடசாலைகளுக்கென்று தனியாக மன்னிப்புக் கேட்க அந்தச் சபைக்கு மேலும் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின.

ஆகவே தம்பி, அறிக்கை வாசிக்கும்போது எழுந்து நில்லுங்கள், அதோடு நின்றுவிடாதீர்கள். வதிவிடப் பாடசாலைகளை விசாரித்த உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு 2015 இல் வைத்த 94 கோரிக்கைகளில் சபைகளுக்கென்றே சில உண்டு. அவற்றுக்கு நம் சபை ஆண்டு வரவுசெலவில் எவ்வளவு ஒதுக்கியிருக்கிறது என்று சபைக் கூட்டத்தில் கேளுங்கள். "அவங்களுக்கு எல்லாம் சும்மா கிடைக்குது, குடிச்சுப்போட்டுப் படுக்குறாங்கள்" என்ற பேச்சு நம்மவர் விருந்துகளில் தாராளமாக வரும். அந்த இடத்தில், மரியாதை கெடாமல், ஷோல் லேக் கதையைச் சொல்லுங்கள். வதிவிடப் பாடசாலைப் பிள்ளைகளை நினைவுகூரும் நாளான செப்டெம்பர் 30 க்கு முன் ஒரு சனிக்கிழமை வசதிப்பட்டால் எழுதுங்கள், பிரான்ற்பேர்ட்டுக்கு என் வாகனத்திலேயே போகலாம். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள்.