நஞ்சுக்கொடி கருப்பைத் தசையோடு ஒட்டிப்போயிருப்பதை ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்க முடியுமா?

ரத்தப் பரிசோதனையை மட்டும் வைத்து முடியாது. நஞ்சுக்கொடி இப்படி ஒட்டிய தாய்மார்களின் ரத்தத்தில் ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன் (கருவில் உருவாகும் புரதம்), பாப்-ஏ (நஞ்சுக்கொடியில் உருவாகும் புரதம்) போன்றவை சராசரியாகக் கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் வயிற்றில் இரட்டைக் குழந்தை இருந்தாலும், குழந்தையின் முதுகுத்தண்டு சரியாக மூடாவிட்டாலும் ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன் ஏறும். அளவு சரியாக உள்ளவர்களுக்கும் நஞ்சுக்கொடி ஒட்டியிருக்கலாம்.

பழைய சிசேரியன் தழும்புதான் பெரிய தடயம். அங்கே கருப்பையின் உட்சவ்வு மெலிந்திருப்பதால் நஞ்சுக்கொடி தசைக்குள் இறங்கிவிடுகிறது. அப்புறம் பிரசவத்தில் கழன்று வராமல் ரத்தம் கொட்டும். 2006-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், நஞ்சுக்கொடி கீழிறங்கிக் கருப்பை வாயை மூடியிருந்தவர்களில், முன்பு ஒரு சிசேரியன் ஆனவர்களுக்கு 11 சதவீதமும், இரண்டு ஆனவர்களுக்கு 40 சதவீதமும் இப்படி ஒட்டியிருந்தது.

ஸ்கேன் எடுப்பவரிடம் முந்தைய சிசேரியனைப் பற்றி மறக்காமல் சொல்லுங்கள். தழும்புப் பக்கம் டாப்ளர் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன்) வைத்துப் பார்க்கக் கேளுங்கள்.