ஊற்றுக்கு மேலே பாருங்கள்

கேள்வி: ஏற்காட்டில் 3 ஏக்கர் காப்பித் தோட்டம். கோடையில் ஊற்று வற்றுகிறது, ஐப்பசி மழையில் மண் அரித்துப் போகிறது. செயற்கைக்கோள் படம் உதவுமா?

பதில்: கண்டிப்பாக உதவும் அம்மா. இஸ்ரோவின் புவன் வரைபட இணையதளத்தில், கார்ட்டோசாட் செயற்கைக்கோள் படங்களிலிருந்து எடுத்த நில உயரத் தரவு இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் அதில் ஒரு கட்டத்தின் பக்கம் 30 மீட்டர்; உங்கள் தோட்டம் முழுவதுமே பதின்மூன்று, பதினான்கு கட்டம்தான். ஊற்றுக்கு எந்தச் சரிவிலிருந்து தண்ணீர் இறங்குகிறது என்று பார்க்க அது போதும். அந்தச் சரிவில் நிழல் மரத்தில் கை வைக்காதீர்கள்.

மண் அரிப்பைத் தடுக்கச் சரிவின் குறுக்கே ஒரே மட்டத்தில் போடும் வரப்புக்கும் குழிக்கும் அந்தப் படம் போதாது; மட்டம் பார்க்க மூங்கில்தான். இரண்டு கழியைக் கவைபோல் உச்சியில் கட்டி, குறுக்கே ஒன்று, உச்சியிலிருந்து கல் கட்டிய நூல். நூல் குறுக்குக்கழியின் நடுக்குறியில் நின்றால் இரண்டு காலும் ஒரே மட்டம். என் தோட்டத்தில் அப்படித்தான் முளையடித்துக் கொண்டே போனேன். அப்புறம் அந்தக் கோட்டிலேயே குழி வெட்டினேன்.