மருந்து அடித்தும் நாற்காலிக் காலில் மாவு கொட்டுகிறது. ஓட்டையை அடைத்து வார்னிஷ் அடிக்கலாமா?

இப்போது அடைக்காதீர்கள். நீங்கள் பார்ப்பது வண்டு வெளியேறிய ஓட்டை. மரத்தைத் தின்னும் புழு உள்ளே இருக்கிறது. சில வகைகள் 2 முதல் 5 வருடம்கூட இருக்கும். வார்னிஷ் அடித்தாலும் வண்டாகித் துளைத்துக்கொண்டு வந்துவிடும்.

பழைய வார்னிஷ் மேலேயே மருந்து அடித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அது உள்ளே இறங்காது, வழிந்துதான் போகும். உப்புத்தாளால் தேய்த்து வெறும் மரம் தெரிந்த பிறகு மரப்புழு மருந்தைப் பூசுங்கள். ஓட்டைகளுக்குள் சிரிஞ்சால் ஏற்றுங்கள். ஒன்றில் ஏற்றினால் பக்கத்து ஓட்டையில் பீறிடும், கண்ணாடியும் கையுறையும் அவசியம். இருக்கையின் அடிப்பக்கத்தையும் மூட்டுகளையும் விட்டுவிடாதீர்கள். புழுவுக்குப் பிடித்த இடமே அதுதான்.

அப்புறம், கொட்டுவது பழைய தூளாகவும் இருக்கலாம். நாற்காலியை நன்றாகத் தட்டி உதறிவிட்டு, கறுப்புத் தாள் விரித்து அதன்மேல் அசையாமல் வையுங்கள். சில வாரங்களில் வெளிர் நிறத் தூள் சின்னக் குவியலாகச் சேர்ந்தால் புழு உயிரோடு இருக்கிறது.

ஒன்று மட்டும்: காலில் ஊசியால் குத்திப் பாருங்கள். சுலபமாக இறங்கினால் மரம் உளுத்துவிட்டது. மருந்து புழுவைக் கொல்லும், மரத்துக்குப் பலம் தராது. அந்தக் காலை மாற்றும்வரை யாரையும் உட்கார விடாதீர்கள்.