பில்லே கடனைக் கட்டிவிடுமா?

கேள்வி: ஹட்டனுக்குப் பக்கத்தில் சொந்த வீடு. தோட்டத்தில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். மாதம் 130 யூனிட் ஓடுகிறது, பில் 4,000 ரூபாய் வரை வரும். ஒரு முகவர் 5 கிலோவாட் சோலர் 10 லட்சம் என்கிறார். ஏழு வருட வங்கிக் கடன், 12 வீத வட்டி. மாதம் 600 யூனிட் வரும், பில்லே கடனைக் கட்டிவிடும் என்று சொல்லி, பண்டாரவளை வீடொன்றின் ஜூலைக் கணக்கைக் காட்டினார். கடன் எடுக்கவா, வைப்பில் இருக்கும் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) பணத்தைப் போடவா? குளியலறையில் சுடுதண்ணி ஹீட்டர் இருக்கிறது, வீட்டம்மாவுக்குக் காலையில் அது இல்லாமல் முடியாது.

பதில்: ஐயா, இரண்டும் வேண்டாம். முதலில் அந்த ஜூலைக் கணக்கைப் பார்ப்போம். ஜூலையில் பண்டாரவளையில் வெயிலும் காற்றும். அதே நாளில் உங்கள் வாசலில் தென்மேற்குப் பருவமழையின் தூறலும் மூடுபனியும். மலை ஒன்றுதான், ஆனால் மழை விழும் பக்கம் வேறு. பேனலுக்குக் குளிர் நல்லதுதான், சூடு ஏறினால் அதன் உற்பத்தி குறையும். ஆனால் வெளிச்சமே வராவிட்டால் குளிரை வைத்து என்ன செய்வது?

கீழ்நாட்டில் ஒரு கிலோவாட்டுக்கு மாதம் 100 முதல் 120 யூனிட் என்று கணக்கு வைப்பார்கள். முகவரின் 600 அதிலிருந்து வந்ததுதான். உங்களுக்கு நான் 80 என்று போடுகிறேன். அப்படியானால் 400 யூனிட். உங்கள் 130 போக மிச்சம் 270. அதை லைனுக்கு விற்று யூனிட்டுக்கு 20 ரூபாய் கிடைத்தால் 5,400. பில்லில் மிஞ்சும் 4,000த்தையும் சேர்த்தால் மாதம் 9,400. கடன் தவணையோ ஏறக்குறைய 17,650! சரி, முகவரின் 600 யூனிட்டையே நம்புவோம். அப்போதும் 13,400தான் வருகிறது. மீதியை யார் கட்டுவது?

பக்கத்து வீட்டுக்காரர் கூடுதல் விலை வாங்குகிறாரே என்று தோன்றலாம். கூரைச் சோலர் கரண்டைக் காசு கொடுத்து வாங்கும் திட்டம் 2016இல் தொடங்கியபோது முதல் ஏழு வருடத்துக்கு யூனிட் 22 ரூபாய், பிறகு 15 ரூபாய் 50 சதம் என்று ஒப்பந்தம். அதன்பின் விலை ஏறி இறங்கியிருக்கிறது. நீங்கள் கையெழுத்து வைக்கும் நாளில் உள்ள விலைதான் உங்களுடையது, அதை எழுத்தில் கேளுங்கள்.

ஈ.பி.எஃப். பணத்தைப் போட்டால் தவணை இல்லை. ஆனால் போட்ட காசு திரும்பவே ஒன்பது வருடம் ஆகும். பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக்கும் பெட்டியான இன்வெர்ட்டரை மாற்ற வேண்டிய செலவும் பத்தாவது வருடத்தை ஒட்டித்தான் வந்து நிற்கும். அதுவரை வைப்பு வட்டியும் போச்சு. ஓய்வு பெற்றவருக்கு அந்தப் பணம் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் வேண்டுமே.

கரண்ட் கட்டுக்கு உதவும் என்று நினைத்திருந்தால் அதுவும் இல்லை. 2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகல் இலங்கை முழுக்க மின்சாரம் போனது நினைவிருக்கும். பேட்டரி இல்லாத சோலர் வீடுகளுக்கு அன்றைய வெயிலால் பயனில்லை. லைனில் கரண்ட் நின்றால் இன்வெர்ட்டரும் தானே நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்கக்கூடாது என்பதற்காக வைத்த பாதுகாப்பு அது. பேட்டரி கேட்டால் விலை இன்னும் ஏறும்.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்தது கடைசி வரிதான்: குளியலறையில் சுடுதண்ணி ஹீட்டர் இருக்கிறது, வீட்டம்மாவுக்குக் காலையில் அது இல்லாமல் முடியாது என்று எழுதியிருக்கிறீர்கள். 3 கிலோவாட் ஹீட்டர் தினம் அரை மணி நேரம் ஓடினால் ஒன்றரை யூனிட், மாதம் 45. உங்கள் 130 யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கு! கூரையில் வைக்கும் சோலர் சுடுதண்ணித் தொட்டிக்கு ஒரு விலை கேளுங்கள். மூடுபனி மாதங்களில் பழைய ஹீட்டரைப் போட்டுக்கொள்ளலாம்.

அப்புறமும் பேனல் ஆசை விடவில்லையென்றால் 2 கிலோவாட்டுக்கு மேல் போகாதீர்கள். மிஞ்சும் யூனிட்டுக்குக் காசு தராமல் அடுத்த மாதத்துக்கு வரவு வைக்கும் நெட் மீட்டரிங் முறை உங்களுக்குப் பொருந்தும். அதற்கும் முன்னால், ஹட்டனிலேயே பேனல் போட்ட வீடொன்றின் ஜூன், ஜூலைப் பில்களைக் கொண்டுவரச் சொல்லுங்கள். முகவர் கொண்டுவந்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.