மாட்டு டாக்டர்னு சொல்றாங்கன்னு பாப்பாவை தடுக்காதீங்கண்ணா

போன ஞாயித்துக்கிழமை கூடலூர்ல இருந்து ஒரு குடும்பம், பொண்ணை அடுத்து என்ன படிக்க வைக்கலாம்னு என்கிட்ட யோசனை கேக்க வந்திருந்தாங்க. அப்பா மளிகைக் கடை, அம்மா எஸ்டேட் ஆபீஸ்ல வேலை, பொண்ணு ரெண்டாவது தடவையும் நீட் எழுதிட்டா, கவர்மெண்ட் சீட்டுக்கு மார்க் எட்டல. துபாய்ல இருக்கிற தாய்மாமா வீடியோ கால்ல கூடவே உக்காந்திருந்தார், ஊருக்கு வெளிய இருக்கிற 30 சென்ட் நிலத்தை வித்துட்டு மேனேஜ்மென்ட் கோட்டால எம்பிபிஎஸ் சேத்துடலாம், மீதிய நான் பாத்துக்கறேன், நம்ம வீட்ல ஒரு டாக்டர் வேணும்னு. அந்த அம்மா பாதியிலயே அழ ஆரம்பிச்சுட்டாங்க. நானும் பத்து நிமிஷம் பரவால்லைங்க, எல்லாம் சரியாகும்னு சொல்லிட்டுதான் இருந்தேன், அப்புறம் இது ஆறுதல் சொல்ற விஷயம் இல்லைன்னு தோணிடுச்சு. அன்னிக்கு பேசினதை எல்லாம் எழுத்துல கேட்டாங்க, இதே நிலைமைல இன்னும் நிறைய வீடு இருக்குங்கறதால பேர் போடாம இங்கயே எழுதறேன்.

அண்ணா, முதல்ல பணம். சீட்டு, ஹாஸ்டல், மத்த செலவு எல்லாம் சேத்து கோடி ரூபாய் கிட்ட போகும்னு உங்க மச்சானே கணக்கு போட்டு சொன்னார். அந்த நிலம்தான் உங்க ரெண்டு பேரோட வயசான காலத்துக்கு இருக்கிற ஒரே பிடிமானம், பாப்பாவுக்கு கீழ பையன் ஒருத்தன் ஒம்பதாவது படிக்கிறான். மச்சான் தர்றேன்னு சொல்றது கடன்தான், தானம் இல்ல, அந்தக் கடன் நாளைக்கு பாப்பா கல்யாணப் பேச்சுல வந்து நிக்கும். வெளிநாட்ல படிக்க வைக்கலாம்னு ஏஜென்ட் சொன்னதுக்கும் அதே பதில்தான், படிச்சு முடிச்சு இங்க வந்து எழுதற தகுதித் தேர்வுல பாதிக்கும் மேல தேறாம நிக்கிறாங்க. இதுக்கு மேல இந்த ரெண்டு வழியைப் பத்தி நான் பேசப் போறதில்ல. நிலத்தை விக்காதீங்க, அட்வான்ஸ் கொடுக்காதீங்க.

இப்ப பாப்பா. நீங்க மூணு பேரும் பேசி முடிக்கிற வரைக்கும் அவ வாயே தொறக்கல. நீ எதைப் பத்தி யோசிப்பேன்னு நான் கேட்டப்ப சொன்னா பாருங்க, "ரெண்டு வருஷம் முன்னாடி எங்க வீட்டுக்குப் பின்னாடி காட்டோரம் குரங்கு செத்துக் கிடந்துச்சு மேம், ஃபாரஸ்ட்காரங்க கையுறை மாஸ்க் எல்லாம் போட்டு எடுத்துட்டுப் போனாங்க, எதனால செத்துச்சுன்னு யாருமே சொல்லல, எனக்கு அது இன்னும் மனசுலயே இருக்கு." டாக்டராகணும்னு ஒரு தடவை கூட அவ சொல்லலைங்கண்ணா, நீங்க கவனிச்சீங்களா? நோய் எங்க இருந்து கிளம்புதுன்னு கேக்கற பொண்ணு அவ. அந்தக் கேள்விக்குன்னே ஒரு படிப்பு வழி இருக்கு.

உங்க ஊர் பக்கமே பாருங்க. 1957ல கர்நாடகா ஷிமோகா பக்கம் க்யாசனூர் காட்டுல முதல்ல குரங்குங்க செத்து விழுந்துச்சு, அதோட சேந்து கிராமத்து ஜனங்களுக்கும் கடுமையான காய்ச்சல், ரத்தப்போக்கு. காட்டு உண்ணி கடிச்சு பரவற வைரஸ் அது, இன்னிக்கும் குரங்கு காய்ச்சல்னுதான் சொல்றாங்க. 2012 கடைசில பந்திப்பூர்ல குரங்குங்க செத்தப்ப, அதுங்களை அறுத்துப் பாத்து எரிச்ச வேலைல இருந்தவங்களுக்கே காய்ச்சல் வந்துச்சு, அப்புறம் நீலகிரிலயும் வயநாட்லயும் அந்த வைரஸ் இருக்குன்னு தெரிஞ்சுது. இதுல மனுஷ டாக்டர்கிட்ட நோயாளி வர்றதுக்கு முன்னாடியே சேதி காட்டுல கிடக்குது. செத்த குரங்குதான் அந்த சேதி. மேய்ச்சலுக்கு காட்டுக்குள்ள போற மாட்டு மேலயும் உண்ணி ஏறி பெருகுது, காட்டை வெட்டி நடுவுல தோட்டம் போட்டா ஜனமும் உண்ணியும் கிட்ட வந்துடுது, ஆக மனுஷன், மிருகம், காடு மூணையும் சேத்து பாக்கலைன்னா இந்த நோயைப் பிடிக்கவே முடியாது. இப்படி மூணையும் ஒண்ணா வெச்சுப் பாக்கற வேலைக்குத்தான் ஒன் ஹெல்த்னு பேரு.

சேத்து பாக்காம விட்டா என்ன ஆகும்னு மலேசியா ஜனங்க பட்டதைக் கேளுங்க. 1998 கடைசில ஈப்போ பக்கம் பன்னிப் பண்ணைல வேலை செஞ்சவங்களுக்கு மூளைக் காய்ச்சல் வந்துச்சு. கொசுவால வர்ற ஜப்பானிய மூளைக் காய்ச்சல்னு முடிவு பண்ணி ஊரெல்லாம் கொசு மருந்து அடிச்சாங்க, தடுப்பூசி போட்டாங்க, ஆனா சாவு நிக்கல. வழக்கமா அந்த கொசு காய்ச்சல் குழந்தைகளைத்தான் அதிகமா பிடிக்கும், இங்க விழுந்ததெல்லாம் பன்னியைத் தொட்டு வேலை செஞ்ச பெரியவங்க, தடுப்பூசி போட்டவங்களும் விழுந்தாங்க, அதோட பன்னிங்களே நாய் குரைக்கிற மாதிரி இருமிட்டு இருந்துச்சு. அந்த இருமலுக்கு யாராவது ஆரம்பத்துலயே காது கொடுத்திருந்தா எத்தனை உயிர் மிஞ்சியிருக்கும்னு நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும். 1999 மார்ச்லதான் இது புது வைரஸ்னு தெரிஞ்சுது, சுங்கை நிப்பாங்கற ஊர் பேரை வெச்சு நிபான்னாங்க. அது அடங்கறதுக்குள்ள நூறு பேருக்கு மேல போயிட்டாங்க, பத்து லட்சத்துக்கும் மேல பன்னிங்களை கொன்னாங்க. பழந்தின்னி வௌவால் கடிச்சுப் போட்ட பழம் பண்ணைக்குள்ள விழுந்து, அதைத் தின்ன பன்னிக்கு வந்து, பன்னில இருந்து மனுஷனுக்கு வந்ததுன்னு பின்னாடி புரிஞ்சுகிட்டாங்க. பண்ணையை ஒட்டியே மாமரம் வளத்ததுதான் வினை.

அதே நிபா 2018 மே மாசம் கோழிக்கோட்ல வந்து 17 பேரை கொண்டு போச்சு, நோயாளியைப் பாத்துகிட்ட லினிங்கற நர்ஸும் அதுல ஒருத்தர். அங்க ஒரே குடும்பத்துல அடுத்தடுத்து ஆள் விழறதைப் பாத்து சந்தேகப்பட்டு சாம்பிளை சீக்கிரம் அனுப்பினதால பரவாம பிடிச்சாங்க. அதுக்கப்புறமும் திரும்பத் திரும்ப வந்துட்டுதான் இருக்கு, ஒவ்வொரு தடவையும் நாடுகாணி செக்போஸ்ட்ல நிறுத்தி காய்ச்சல் பாக்கறது உங்களுக்குத் தெரியாததா.

இந்த வேலைக்கு உள்ள போற நல்ல வாசல் கால்நடை மருத்துவம்ணா. பி.வி.எஸ்சி., ஏ.ஹெச். அஞ்சரை வருஷம், அதுல கடைசி ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப். நம்ம மாநிலத்துல தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்துக்கு கீழ 1903ல ஆரம்பிச்சு இப்ப சென்னை வேப்பேரில இருக்கற காலேஜ், நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு, தலைவாசல், தேனி, உடுமலைன்னு காலேஜ் இருக்கு. மாநில ஒதுக்கீட்டுக்கு நீட் கிடையாது, பிளஸ் டூ மார்க்தான், அகில இந்திய ஒதுக்கீட்டு 15 சதவீதத்துக்குதான் நீட். பயாலஜி நூறுக்கு, ஃபிசிக்ஸ் கெமிஸ்ட்ரி அம்பது அம்பதுக்கு, மொத்தம் 200க்கு கட்-ஆஃப். பாப்பாவுக்கு 195 பக்கம் வருது, வாய்ப்பு இருக்கு, ஆனா உறுதின்னு நான் சொல்ல மாட்டேன். ஃபீஸ் வருஷத்துக்கு ஆயிரக் கணக்குலதான், லட்சத்துல இல்ல. மச்சான் துபாய்ல இருக்கறதால என்ஆர்ஐ கோட்டான்னு ஆரம்பிப்பார், அது வேற ஃபீஸ், வேண்டாம். படிக்கிறவங்க யாருக்காவது உதவும்னு இதையும் சொல்லிடறேன், ஆறாவதுல இருந்து பிளஸ் டூ வரைக்கும் அரசுப் பள்ளில படிச்ச பிள்ளைகளுக்கு இதுலயும் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கு, அதுல சீட் வாங்கினா ஃபீஸ அரசே கட்டுது.

டிகிரி முடிச்சதும் ஒன் ஹெல்த் ஆபீசர்னு யாரும் போர்டு மாட்டி கூப்பிட மாட்டாங்க, அதையும் தெரிஞ்சுக்கோங்க. டிஎன்பிஎஸ்சி எழுதி கால்நடை உதவி மருத்துவர் ஆகலாம், அடிப்படைச் சம்பளமே 56,100ல ஆரம்பிக்குது, ஆனா அறிவிப்பு வருஷா வருஷம் வராது, காத்திருக்கணும். இன்னொரு வழிதான் பாப்பாவுக்குன்னு நான் நினைக்கறது, எம்.வி.எஸ்சி.ங்கற மேல்படிப்புல வெட்னரி பப்ளிக் ஹெல்த், எபிடெமியாலஜி, அதாவது நோய் எங்க, எப்படி பரவுதுன்னு கணக்கெடுத்துப் பாக்கற படிப்பு. ஆஸ்பத்திரில உக்காந்து ஊசி போடற வேலை இல்ல இது. எந்த ஊர்ல எத்தனை மாடு கன்னு வீசுச்சு, எந்தப் பண்ணைல கோழி திடீர்னு சாயுது, எந்தத் தெருவுல நாய்க்கு ஊசி போட்டு எத்தனை மிச்சம்னு கணக்கு எடுக்கறது, நூத்துக்கு எழுவது நாய்க்கு ஊசி போட்டுட்டா அந்த ஊர்ல வெறிநோய் பரவறது அறுந்துடும், அந்த எழுவதை எட்டிட்டமான்னு எண்ணிப் பாக்க ஆள் வேணும். காட்டுல வெள்ளைத் துணியை புல்லு மேல இழுத்துட்டு போயி அதுல ஒட்டற உண்ணியை எண்ணி சீசாவுல போடறது, இறைச்சிக் கூடத்துல ஈரலை அறுத்துப் பாக்கறது, பால்ல ஆன்டிபயாடிக் தங்கியிருக்கான்னு சோதிக்கறது, சாயந்திரம் அதை எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தி மேப் போடறது. இப்படித்தான் நாள் போகும். பாப்பாவுக்கு கணக்கும் பிடிக்கும்னு அம்மா சொன்னாங்களே, நான் அதை குறிச்சு வெச்சிருக்கேன்.

இடம் எங்கன்னா, மாதவரத்துல விலங்குல இருந்து பரவற நோய்களுக்குன்னே பல்கலைக்கழகத்தோட ஆராய்ச்சிக் கூடம் இருக்கு, பெங்களூரு எலகங்கால கால்நடை நோய்ப் பரவலை கணக்கெடுக்கற மத்திய நிறுவனம், போபால்ல பறவைக் காய்ச்சல் சாம்பிள் எல்லாம் போற உயர் பாதுகாப்பு ஆய்வகம், நாக்பூர்ல ஒன் ஹெல்த்துக்குன்னே தேசிய நிறுவனத்துக்கு 2022 டிசம்பர்ல அடிக்கல் போட்டாங்க. அவ்வளவு தூரம் வேண்டாம்னா உங்க மாவட்டத்துலயே குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட், 1907ல இருந்து நாய்க்கடி மருந்து வேலை நடந்த இடம்.

கழுகு விஷயம் சொன்னப்ப உங்க மச்சான் ஃபோனை கட் பண்ணிட்டார், அதனால இங்க திரும்ப சொல்றேன், அவர் படிக்கட்டும். மாட்டுக்கு வலிக்கு போட்ட டைக்ளோஃபினாக் ஊசி, செத்த மாட்டோட உடம்புல தங்கி, அதைத் தின்ன பிணந்தின்னிக் கழுகுங்க கிட்னி கெட்டு கூட்டம் கூட்டமா செத்துச்சு, நாட்ல பெரும்பாலும் அழிஞ்சே போச்சு. கழுகு இல்லாததால பிணத்தை நாய் தின்னுச்சு, நாய் பெருகுச்சு, நாய்க்கடி பெருகுச்சு. 2006ல கால்நடைக்கு அந்த மருந்தை தடை பண்ணாங்க. இன்னிக்கும் மாயாறு பள்ளத்தாக்குல மிச்சம் இருக்கற கழுகுங்களை காப்பாத்த மல்லுக்கட்டிட்டு இருக்காங்க, உங்க வீட்ல இருந்து பஸ்ஸுல போற தூரம். இதைக் கண்டுபிடிச்சு நிறுத்தறவங்களை மாட்டு டாக்டர்னு சொல்லிட்டு போகட்டும், எனக்கு அதுல ஒரு குறையும் தெரியல.

கஷ்டம் இல்லைன்னு சொல்ல மாட்டேன். ராத்திரி கன்னு போட முடியாத மாட்டுக்கு கூப்பிடுவாங்க, உதை வாங்கணும், தோள் வரைக்கும் கையை விடணும், மாட்ல இருந்து மனுஷனுக்கு தொத்தற கன்றுவீச்சு நோய் டாக்டருங்களுக்கே வந்திருக்கு, வெறிநோய் ஊசியை முன்னாடியே போட்டுக்கணும். பொம்பளப் பிள்ளைக்கு ஆகுமான்னு அம்மா கேட்டாங்க. இப்ப அந்தக் காலேஜ்ங்கள்ல பொண்ணுங்க நிறையவே படிக்கறாங்க, நேர்ல போய் பாத்துட்டு வாங்க.

கட்-ஆஃப் தவறிட்டா மூணாவது தடவை நீட்டுக்கு கோச்சிங்ல சேத்துடாதீங்க, அவ மனசு இன்னொரு வருஷம் தாங்காது, அன்னிக்கு முகத்தைப் பாத்தேன். பி.எஸ்சி. விலங்கியல் சேருங்க, அப்புறம் பாண்டிச்சேரில இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோட (ஐசிஎம்ஆர்) வெக்டர் கன்ட்ரோல் ஆராய்ச்சி மையத்துல பப்ளிக் ஹெல்த் என்டமாலஜி எம்.எஸ்சி. இருக்கு, கொசு, உண்ணி, அது பரப்பற நோய் எல்லாம் அங்கதான் பாடம். அவ கேட்ட கேள்விக்கு அந்த வழிலயும் போய்ச் சேரலாம்.

பல்கலைக்கழக வெப்சைட்ல விண்ணப்பத் தேதியை தினம் பாருங்க, சாதிச் சான்றிதழ் இருப்பிடச் சான்றிதழ் இப்பவே எடுத்து வைங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு. வர்ற திங்கக்கிழமை காலைல கடையை அம்மாகிட்ட விட்டுட்டு பாப்பாவை உங்க ஊர் கால்நடை ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போங்க, டாக்டர்கிட்ட கேட்டுட்டு ஒரு ஓரமா மத்தியானம் வரைக்கும் நிக்கட்டும், சாணியும் ரத்தமும் பாக்கட்டும். திரும்பி வரும்போது நீங்க ஒண்ணும் கேக்காதீங்க, அவளா என்ன பேசறான்னு மட்டும் கேட்டுட்டு ராத்திரி எனக்கு ஃபோன் பண்ணுங்கண்ணா.